பெண் பிள்ளை செருப்புக்குக் காவல் இருக்கவா வந்தாள்?

பதிவு நீளம். ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாகச் சுற்றும் குரல் பதிவுக்கான பதில் என்பதால் நீளமாகத்தான் வரும். பாதியில் நிறுத்திவிட்டுக் கமெண்ட் போட வேண்டாம். முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். இந்த விடுமுறையில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் பிள்ளைகளை நடக்கவிடும் ஓர் இடத்துக்குப் போய் வந்தோம். எல்ல, கித்துல்கல பக்கமெல்லாம் இப்போது இந்த மாதிரிக் கயிறு, ஸிப் லைன் விளையாட்டுகள் வந்துவிட்டன. இது சிறு பிள்ளைகளுக்கானது. முதல் சுற்று ஆளுயரம், அடுத்தது இரண்டாள் உயரம். பலகைப் பாலம், வலை, தொங்கும் டயர், கடைசியில் ஒரு கம்பியில் தொங்கிச் சறுக்கி இறங்க வேண்டும். படங்கள் போட்டோம். அதில் எங்கள் பெண் பிள்ளைகள் ஷோலுக்கு மேல் ஹெல்மட் போட்டுக்கொண்டு சிரிக்கும் படமும் இருந்தது.

அதற்குத்தான் அந்தக் குரல் பதிவு. "பொம்புளப் புள்ளைகளக் கயித்துல தொங்கவிட்டு வேடிக்கை பாக்குற காலமாப் போச்சு, அதுவும் படிச்சுக் குடுக்குற ஆக்களே" என்று. பேசியவர் யார் என்பது எங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் இப்படி நினைத்திருந்தால் நாங்கள் வாயைத் திறந்தே இருக்க மாட்டோம்.

ஏனென்றால் அன்று அங்கே நாங்கள் பார்த்தது வேறு. நம் பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் சில வந்திருந்தன. எட்டு வயதுத் தம்பி மரத்தின் மேலே. பதின்மூன்று வயதுத் தாத்தா கீழே பெஞ்சில். மடியில் நாலு சோடிச் செருப்பு, ஒரு கையில் தம்பியின் ஜூஸ் போத்தல், மற்றக் கையில் வாப்பாவின் போன், தம்பியை வீடியோ எடுக்க. "ஏன் மகளை ஏற்றவில்லை?" என்று கேட்டோம். "அவ பெரிய புள்ள டீச்சர்" என்றார் உம்மா. வாப்பா, "அவவுக்குப் பயம்" என்றார். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. அது அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

பயமுள்ள பிள்ளையை ஏற்றச் சொல்லி நாங்கள் வாதாடவில்லை. பயந்தால் இறங்கலாம், எந்தப் பிள்ளையையும் தள்ளிவிடக் கூடாது, அது ஆணோ பெண்ணோ. அன்று பாதி வழியில் அழுது இறங்கியது எங்கள் வேனில் வந்த ஓர் ஆண் பிள்ளைதான். அவனை யாரும் கேலி செய்யவில்லை. கேள்வி, பயப்படுவதற்கான வாய்ப்பைக்கூட நம் பெண் பிள்ளைக்குக் கொடுக்கிறோமா என்பது.

சரி, குரல் பதிவில் சொன்னவற்றுக்கு வருவோம்.

உடுப்பு. இந்தோனேசியாவில் அரீஸ் சுசாந்தி ரஹாயு என்று ஒரு பெண். தலையை மூடி, கை கால் முழுவதையும் மூடிக்கொண்டு சுவர் ஏறுபவர். 2019 ஒக்டோபரில் சீனாவின் ஷியாமென் நகரில் 15 மீற்றர் உயரச் சுவரை 6.995 விநாடியில் ஏறி முடித்தார். ஏழு விநாடிக்குள் ஏறிய முதல் பெண், அன்றைய உலக சாதனை. 15 மீற்றர் என்பது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். "பர்தாவோடு எப்படி ஏறுவது" என்று கேட்பவர்கள் யூடியூப்பில் அவருடைய பெயரைப் போட்டுப் பாருங்கள். அபாயாவுடன் ஏற முடியாது, உண்மை. தளர்வான நீளக் களிசான், முழங்காலுக்குக் கீழே வரும் டொப், பின் குத்தி உள்ளே சொருகிய ஷோல் போதும். ஷோலின் தொங்கும் நுனியைக் கட்டாயம் உள்ளே சொருகுங்கள், கம்பியில் ஓடும் கப்பியில் துணி மாட்டினால் ஆபத்து. எங்கள் பிள்ளைகள் மத்ரஸாவுக்குப் போகும்போது மூடுவதைவிட அன்று ஒரு விரற்கடை குறைவாக மூடவில்லை.

அந்நிய ஆண்கள் இடுப்பில் பெல்ட் கட்டுகிறார்கள் என்பது அடுத்தது. இதில் நியாயம் இருக்கிறது. நாங்களும் அதைப் பார்த்தோம், எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு பிள்ளையைப் பெஞ்சில் இருத்துவது இல்லை. "எங்களுக்குக் காட்டித் தாருங்கள், உம்மாமார் நாங்களே மாட்டிவிடுகிறோம், நீங்கள் சரிபாருங்கள்" என்று கேட்டோம். அந்தப் பொடியன் மறுக்கவே இல்லை, அழகாகச் சொல்லித் தந்தான். அடுத்து, இப்படியான இடங்களில் பெண் பயிற்றுநர் இல்லாததற்குக் காரணம் யாரும் கேட்காததுதான். பத்துக் குடும்பம் "பெண் ஆள் இருந்தால்தான் டிக்கெட் எடுப்போம்" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த மாதம் வைப்பார்கள். அந்த வேலைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. ஏ.எல். முடித்துவிட்டு லயத்தில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், நம் வீடுகளில் எத்தனை பேர்?

ஆபத்து. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கயிற்றுப் பாதை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமலே பேசுகிறார்கள். இடுப்பிலும் தொடையிலும் பட்டி. அதிலிருந்து இரண்டு வார், இரண்டிலும் கொக்கி. தலைக்கு மேலே இரும்புக் கம்பி. ஒரு மரத்திலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது முதல் கொக்கியைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டிய பிறகுதான் இரண்டாவதைக் கழற்ற வேண்டும். எந்த நேரமும் ஒன்றாவது மாட்டியே இருக்கும். சில இடங்களில் தொடக்கம் முதல் முடிவு வரை கழற்றவே முடியாத பூட்டு. கால் வழுக்கினால் பிள்ளை ஒரு சாண் தொங்கும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் இதற்கென்றே ஈ.என். 15567 என்று ஒரு தர விதி இருக்கிறது, கட்டுவதற்கு ஒரு பகுதி, நடத்துவதற்கு ஒரு பகுதி. இங்கே போகும்போது "கம்பியை, பட்டியைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் ஏற்றாதீர்கள், திரும்பி வாருங்கள். மகனையும் ஏற்றாதீர்கள். குரல் பதிவில் பேசியவருக்கு ஆண் பிள்ளையின் எலும்பு இரும்பு என்ற நினைப்புப் போல.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த இடத்துக்குப் போகும் பாதையில். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ், ஒரு வேனையும் ஆட்டோவையும் மோதி 7 பேர் போனார்கள். வேனில் இருந்தவர்கள் நம் டிக்கோயாப் பக்கத்துக் குடும்பம். அந்த வளைவை அவர்களை நினைக்காமல் இன்னும் எங்களால் கடக்க முடியவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அதற்குப் பிறகும் நாம் என்ன செய்கிறோம்? பத்துப் பேர் போகும் வேனில் பதினாறு பேர். முன் சீட்டில் மடியில் குழந்தை. பெல்ட் போடச் சொன்னால் டிரைவர் நானா கோபிக்கிறார். இப்படிப் போய் இறங்கிவிட்டு, இரண்டு கொக்கியும் ஹெல்மட்டும் போட்ட இடத்தில் நின்று "பொம்புளப் புள்ளைக்கு ஆபத்து" என்கிறோம்.

குரல் பதிவில் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. "பெரிய புள்ள", "நாளைக்குக் கலியாணம் காட்சி" என்று இழுத்து நிறுத்துகிறாரே, அது. மரம் ஏறினால், பாய்ந்தால், சைக்கிள் ஓடினால் பெண் பிள்ளைக்கு "ஏதாவது ஆகிவிடும்" என்ற பயம். உம்மாமார் எங்களிடம் தனியாகக் கேட்கிறார்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டி வரும் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். பகிரங்கமாகவே பதில் சொல்கிறோம்: உடம்பைப் பார்த்து ஒரு பெண்ணின் கற்பைச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.நா.வின் மற்ற அமைப்புகளும் 2018 ஒக்டோபரில் இதைத் தெளிவாக அறிவித்தன, அப்படிப் பரிசோதிப்பதற்கு மருத்துவ அடிப்படையே இல்லை, அதை நிறுத்த வேண்டும் என்று. இல்லாத ஒன்றுக்குப் பயந்து பத்து வயதில் ஓடிய பிள்ளையைப் பன்னிரண்டில் இருத்திவிடுகிறோம். தரம் 5 வரை மைதானத்தில் முதலாவதாக வந்த பிள்ளைகள் தரம் 8இல் மரநிழலில் பை காத்துக்கொண்டிருப்பதை எங்கள் கண்ணால் பார்க்கிறோம். உலகம் முழுவதும் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் போதிய அளவு உடம்பை அசைப்பதில்லை என்று 2019இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆண் பிள்ளைகளில் 78. அவர்களும் ஒன்றும் சிங்கங்கள் இல்லை, போனில்தான் கிடக்கிறார்கள்.

இதில் எங்களுக்கு அதிகம் கோபம் வருவது, மலையில் இருந்துகொண்டு "மலை ஏறுவது பெண்ணுக்கு ஆகாது" என்று பேசுவதுதான். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் பார்ப்பதில்லையா? இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடையோடு, ஆடு நிற்கத் தயங்கும் சரிவில் நிற்பது யார்? 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட நாள் தொட்டு இந்த மலையைப் பெண்களின் கால்தான் தாங்குகிறது. மழையில், அட்டைக் கடியில், குளவிக் கூட்டுக்குக் கீழே. அவர்களுக்கு ஹெல்மட் இல்லை, பட்டி இல்லை, மேலே கம்பியும் இல்லை. அவர்கள் பறித்த கொழுந்தில்தான் நம் கடைகள் ஓடுகின்றன. சம்பள நாளில் நம் கல்லா நிறைவது அவர்களுடைய கால் பலத்தால். அப்போது யாருக்கும் "பொம்புள ஏறலாமா" என்ற கேள்வி வருவதில்லை. கூலிக்கு ஏறினால் சரி, சிரித்துக்கொண்டு ஏறினால் பிழையா?

இனி, மார்க்கம். எங்களுக்கு மார்க்கம் கற்றுத்தர வேண்டாம் என்று சொல்வீர்கள். நாங்கள் ஆலிம்கள் இல்லை, உண்மை. ஆனால் தரம் 6 பிள்ளைக்கும் தெரிந்ததைத்தான் சொல்கிறோம். ஸஃபா, மர்வா என்பவை இரண்டு குன்றுகள். அவற்றுக்கிடையே குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஏழு தடவை ஓடியவர் அன்னை ஹாஜர் (அலை). ஒரு பெண் ஓடிய ஓட்டம் ஹஜ்ஜின் கடமையாயிற்று. இன்று அங்கே பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்கள் ஓடுகிறார்கள், அந்த ஒரு பெண்ணின் ஓட்டத்தை நினைத்து. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்போட்டி ஓடியதும், முதல் தடவை ஆயிஷா (ரலி) அவர்கள் முந்தியதும், பிற்காலத்தில் நபியவர்கள் முந்தி "அதற்கு இது" என்ற பொருளில் சிரித்துச் சொன்னதும் அபூதாவூதில் இருக்கிறது. எந்த ஜும்ஆவிலாவது இதைக் குத்பாவில் கேட்டிருக்கிறீர்களா? பெண்கள் பக்கத்தில் இருந்து நாங்கள் கேட்டதில்லை.

நம் மலைக்கே வருவோம். பாவா ஆதம் மலை, சிவனொளிபாதம். மஸ்கெலியா, நல்லதண்ணி தாண்டி நிற்கிறதே, அது. 1344இல் இப்னு பதூதா அந்த மலை ஏறினார். அவர் எழுதி வைத்ததைப் படித்தால் நாம் அன்று பார்த்த கயிற்றுப் பாதை பழைய சங்கதி என்று தெரியும். பாறையில் இரும்புச் சங்கிலிகள் கட்டியிருந்தன, மொத்தம் பத்து. அவற்றைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாவின் பெயர். அந்த இடத்துக்கு வந்து கீழே பார்த்தவர்கள் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமாச் சொல்வார்களாம், அதனால் அந்தப் பெயர். 680 வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் ஹெல்மட்டும் இல்லாமல் செய்த வேலை!

அவர் இன்னொன்றும் சொல்கிறார். மலைக்கு இரண்டு பாதை. ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதம் (அலை) பெயரில் ஒன்று, ஹவ்வா (அலை) பெயரில் ஒன்று. மாமா பாதை இலகுவானது. பாவா பாதை செங்குத்து. இலகுவான பாதையில் போய் வந்தவரை மலைக்குப் போனவராகவே அந்தக் காலத்து மக்கள் கணக்கெடுக்கவில்லையாம். நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு நாம் போட்டு வைத்திருப்பது இந்த மாமா பாதைதான். இலகுவான பாதையைக் கொடுத்துவிட்டு, பிறகு "அவவுக்கு ஒண்ணும் ஏலாது" என்றும் நாமே சொல்கிறோம். சீசனுக்கு நல்லதண்ணியில் போய் நின்று பாருங்கள், எழுபது வயதுச் சிங்களப் பாட்டிமார் பொல்லு ஊன்றி 5,000க்கு மேற்பட்ட படி ஏறுகிறார்கள். அவர்களுடைய வணக்கம் வேறு, நம் வணக்கம் வேறு. முழங்கால் எல்லோருக்கும் ஒன்றுதான்.

எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் இலங்கையர் யார் என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் ஆணின் பெயரைத்தான் தேடுகிறார்கள். ஜயந்தி குரு-உதும்பால, பெண், 2016 மே 21. அவர் மலையேறப் பயின்ற இடங்களில் ஒன்று டார்ஜிலிங். அதுவும் தேயிலை மலைதான். நம்மைப்போல.

இவ்வளவும் விளையாட்டுக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில்லாத ஒன்றைச் சொல்கிறோம்.

2004 சுனாமியில் நம் கிழக்குக் கரைச் சொந்தங்கள் போனது எல்லோர் வீட்டிலும் தெரியும். ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. இந்தோனேசியாவின் ஆச்சேயில் அவர்கள் பார்த்த கிராமங்களிலும் பெண்களின் சாவு பல மடங்கு. காரணங்கள் பல. கடற்கரையில் நின்றவர்கள், வீட்டில் இருந்தவர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்தவர்கள். அதோடு சேர்த்துச் சொன்ன இன்னொரு காரணம், ஆண்களுக்கு நீந்தவும் மரம் ஏறவும் தெரிந்திருந்தது, பெண்களுக்குத் தெரியவில்லை. ஆச்சே முஸ்லிம்கள் வாழும் மண். அந்த உம்மாமாரும் சிறு வயதில் யாரோ ஒருவரின் செருப்புக்குக் காவல் இருந்திருப்பார்கள்.

அது கடல், நமக்கென்ன என்கிறீர்களா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாம் எங்கே இருந்தோம்? நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் போனார்கள், அதில் நம் மலை மாவட்டங்கள் கொடுத்த கணக்கு எல்லோருக்கும் தெரியும். இரவில் மண் சரியும் சத்தம் கேட்டு, இருட்டில், சேற்றில், மேட்டை நோக்கி ஏற வேண்டி வந்த வீடுகள் எத்தனை? அந்த நேரம் "நீ பெரிய புள்ள, ஏறாதே" என்று மழை சொல்லாது.

இந்த மாதிரிக் கயிறு, மரப் பயிற்சிகளின் வேரைத் தேடினால் ஜோர்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியிடம் போய் நிற்கும். 1902இல் மார்ட்டினிக் தீவில் எரிமலை வெடித்து ஒரு நகரமே, 28,000 பேர் அளவில், அழிந்தது. அந்தப் பேரழிவின் மீட்பு வேலையில் நின்றவர் என்றுதான் அவரை அறிமுகப்படுத்துவார்கள். (அந்த மார்ட்டினிக்குக்கும் 1853இலிருந்து கப்பலில் கூலிக்குக் கொண்டுபோனது தமிழ்ச் சனங்களைத்தான். இந்த மலைக்குக் கொண்டுவந்த மாதிரியே.) அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: உடம்பைப் பலப்படுத்துவது அழகுக்கில்லை, ஆபத்தில் அடுத்தவருக்கு உதவ. ஓட, பாய, ஏற, சமநிலையில் நடக்க, சுமக்க, நீந்த ஒவ்வொருவரும் பழக வேண்டும் என்றார். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு பெண்களுக்கென்றே தனிப் பயிற்சிக்கூடமும் வைத்தார். நூறு வருடம் கடந்து நாம் இன்னும் ஷோலுக்கு மேல் ஹெல்மட் போடலாமா என்று குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

காசு விஷயம் மட்டும் நியாயமான முறைப்பாடு. டிக்கெட் விலை நம் சாதாரணக் குடும்பத்துக்குப் பாரம்தான், தோட்டத்துக் குடும்பத்துக்கு நினைக்கவே முடியாது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அந்த ஒன்று தானாகவே மகனுக்குப் போகிறது, அதைத்தான் மாற்றச் சொல்கிறோம். இந்த முறை மகன் என்றால் அடுத்த முறை மகள். டிக்கெட் இல்லாமலும் வழி உண்டு. பாடசாலை மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் இரண்டு சவுக்கு மரங்களுக்கிடையே முழங்கால் உயரத்தில் ஒரு தடித்த கயிறு, பிடித்துக்கொள்ள நெஞ்சு உயரத்தில் இன்னொன்று. விழுந்தால் புல். இதற்குப் பட்டியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம், இரண்டு நைலோன் கயிறு போதும். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறோம். எதிர்ப்பவர்கள் வட்ஸ்அப்பில் இல்லாமல் கூட்டத்துக்கு வந்து எதிருங்கள்.

பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருடம் ஒருமுறை மத்ரஸாப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறீர்கள், சந்தோஷம். சென்ற முறை ஆண் பிள்ளைகள் ஆற்றில் குளித்தார்கள், பந்து அடித்தார்கள், பெண் பிள்ளைகள் பஸ்ஸில் இருந்து சாப்பாட்டுப் பொதி பிரித்தார்கள். அடுத்த முறை இரண்டு உம்மாமாரைப் பொறுப்பாகப் போடுங்கள், நாங்களும் வருகிறோம், அவர்களுக்கும் ஒரு மைதானம், ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

அடுத்த தவணை விடுமுறையில் நாங்கள் திரும்பவும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். இந்த முறை வேனில் ஆளுக்கொரு சீட், ஆளுக்கொரு பெல்ட், அதற்கு மேல் ஒருவரும் ஏற முடியாது. பெயர் தருபவர்கள் மகளின் பெயரையும் தாருங்கள், ஆனால் முதலில் அவளிடம் கேட்டுவிட்டுத் தாருங்கள். அவளுக்கு நீளக் களிசான், பின்புறம் பட்டியுள்ள சப்பாத்து, சேஃப்டி பின் நாலு, மழைக்கு ஒரு ஜெக்கட். செருப்புகளை வைக்க நாங்கள் ஒரு சாக்குப் பை கொண்டுவருவோம்.